லூசியைப் பார்க்க வந்தவர்

பாரிஸில் மோன்பர்நாஸ் கல்லறைத் தோட்டத்துக்கு வருகிற கூட்டம் பெரும்பாலும் வாசலருகே சார்த்தர், சிமோன் தெ பொவார் கல்லறையோடு திருப்தி அடைந்துவிடுகிறது. எனக்கு அந்தக் கும்பலில் நிற்கப் பொறுமையில்லை. 28ஆம் பிரிவைத் தேடி நடந்தேன்.

அங்கே இருப்பவர் அல்ஃப்ரெட் த்ரெய்ஃபுஸ். ஜெர்மனிக்கு உளவு சொன்னதாகப் பொய்யாகத் தண்டிக்கப்பட்ட யூத கேப்டன். அவர்மேல் எனக்குப் பெரிய பிரியம் எதுவும் இருந்ததில்லை. விறைப்பான ஆள், தன் துயரத்தைக்கூட வெளியே காட்டத் தெரியாதவர் என்று அவருக்காகப் போராடியவர்களே குறைப்பட்டுக்கொண்டதைப் படித்திருந்தேன். என் மனத்தில் அந்த வழக்கின் நாயகன், அவருக்காக எழுதிய எழுத்தாளர் எமில் ஸோலாதான்.

அலங்காரமில்லாத தட்டைக் கல். மேலே வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன கூழாங்கற்கள். எண்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா கைக்குட்டையால் எழுத்துகளின் இடுக்கில் படிந்த பாசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நீங்களும் ஸோலா படித்துவிட்டு வந்தவரா?” ஆங்கிலத்தில் வெடுக்கென்று கேட்டார்.

ஆமாம் என்றேன். ஸோலா எழுதியிருக்காவிட்டால் இவர் சிறைத் தீவிலேயே செத்திருப்பாரே என்றும் சொல்லி வைத்தேன்.

“லூசி விட்டுக்கொடுத்திருந்தால் ஸோலா எழுதுவதற்கு என்ன இருந்திருக்கும்? ஸோலாவைப் பார்க்க அவர் கல்லறை இருக்கும் பாந்தெயோனுக்குப் போங்கள். நான் லூசியைப் பார்க்க வருகிறேன்.”

சுருக்கென்றது. ஆனால் கல்லில் லூசி பெயரும் இருந்தது. அதுவரை நான் அதைக் கவனிக்கவில்லை.

த்ரெய்ஃபுஸின் மனைவி லூசி, வைர வியாபாரியின் மகள். 1890இல் கல்யாணம், 1894இல் கணவர் கைது. மறு ஆண்டு அவரைத் தென்னமெரிக்கக் கரைக்கு அப்பால் பிசாசுத் தீவில் கொண்டுபோய் அடைத்தார்கள். இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்த லூசி, நானும் அங்கே போய் அவரோடு இருக்கிறேன் என்று விண்ணப்பித்தார். சட்டத்தில் அதற்கு இடமிருந்தும் மறுத்துவிட்டார்கள். வழக்கை ஜனங்கள் மறந்துவிடக் கூடாதே என்று த்ரெய்ஃபுஸின் அண்ணன் மத்தியூ, கைதி தப்பிவிட்டார் என ஒரு பொய்ச் செய்தியை ஆங்கிலப் பத்திரிகையில் வரவைத்தார். விளைவு, 1896இல் த்ரெய்ஃபுஸை இரவுதோறும் கட்டிலோடு சேர்த்துக் கால் விலங்கு போட்டுப் பூட்டினார்கள்.

எனக்கு அந்த விலங்கைவிடப் பெரிய கொடுமையாகத் தெரிவது வேறொன்று. 1897 முதல் மனைவியின் கடிதங்களை அவர் கையில் கொடுக்கவில்லை. ஏதோ ஒரு குமாஸ்தா பார்த்து எழுதிய நகல்களைத்தான் கொடுத்தார்கள். அவள் தொட்ட காகிதம் இல்லை, அவள் கையெழுத்து இல்லை. அந்த நகல்களையே திரும்பத் திரும்பப் படித்து அவர் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெளியே வாய் திறக்காத மனிதர், கடிதத்தில் அவளிடம் கதறியிருக்கிறார்.

1899 ஜூலையில், மறுவிசாரணைக்காக அவர் கொண்டுவரப்பட்ட ரென் நகரச் சிறையில்தான் மறுபடி சந்தித்தார்கள். 1906 ஜூலை 12இல் உச்ச நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்றது.

இதற்குப் பிறகு நடந்தது எனக்கு விளங்கவே இல்லை. நம் ஊரில் பொய்ப் புகாரில் சஸ்பெண்ட் ஆன குமாஸ்தா, வேலை திரும்பக் கிடைத்தாலும் அந்த அதிகாரி முகத்தில் விழிக்க மாட்டார். இவரோ 1914இல் முதல் உலகப் போர் மூண்டபோது, ஐம்பத்து நான்கு வயதில், தன் வாளை எல்லோர் முன்னிலையிலும் உடைத்த அதே ராணுவத்துக்குத் திரும்பிப் போனார். வெர்தன், ஷெமென் தெ தாம் களங்களைப் பார்த்தார். மகன் பியேரும் போர்முனையில் இருந்தான். கணவரும் மகனும் களத்தில் இருக்க, லூசி மறுபடியும் தபாலுக்குக் காத்திருந்திருப்பார்.

“இதையும் பாருங்கள்” என்று அந்த அம்மா விரலை வைத்த இடத்தில் மதலேன் லெவி என்று இருந்தது. பேத்தி. நாஜி எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தவள். ஆஷ்விட்ஸில் 25 வயதில் இறந்தாள். த்ரெய்ஃபுஸ் 1935இல் போய்விட்டதால் அதைப் பார்க்கவில்லை. லூசி பார்த்தார். வலான்ஸ் நகரக் கன்னியாஸ்திரீகள் மடத்தில் வேறு பெயரில் ஒளிந்து பிழைத்து, இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல், டிசம்பரில் காலமானார்.

நான் ஊர் திரும்பிய பிறகு, 2025இல், பிரான்ஸ் தனிச் சட்டம் போட்டு த்ரெய்ஃபுஸை பிரிகேடியர் ஜெனரல் ஆக்கியது. செய்யட்டும். ஸோலாவை மட்டும் படித்திருப்பவர்கள், 2005இல் ஒரே புத்தகமாக வந்த அந்தக் கணவன் மனைவி கடிதங்களையும் தேடிப் படியுங்கள். யாராவது தமிழில் கொண்டுவந்தால் இன்னும் நல்லது.