இராயபுரத்து இனிப்புத் தட்டு

இராயப்பர் என்பது புனித பேதுருவுக்கு நம் முன்னோர் வழங்கிய தமிழ்ப் பெயர். அப்பெயரே ஊர்ப் பெயராகி நிற்பது இராயபுரம். சென்னைக்குத் துறைமுகம் அமையாத காலத்தில், கடலில் நங்கூரமிட்ட கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே அலைகளைப் பிளந்து சரக்கேற்றி வந்த படகோட்டிகள் வாழ்ந்த இடம் இது. 1856-ஆம் ஆண்டு தென்னகத்தின் முதல் இரயில் வண்டி இங்கிருந்துதான் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. இரயில்வேயோடு ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் வந்தன. அவர்களோடு அவர்தம் கிறிஸ்மஸ் பலகாரங்களும் வந்து சேர்ந்தன.

டிசம்பர் மாத நடுவில் இத்தெருக்களில் நடந்து பாருங்கள். துறைமுகத்து லாரிகளின் புகையையும் காசிமேட்டுக் கருவாட்டு மணத்தையும் மீறிக்கொண்டு, வெந்த சர்க்கரையின் வாசனை சன்னல் வழியே வரும். கல்கலும், நம்மவர் அச்சுமுறுக்கு என்னும் ரோஸ் குக்கியும் பழையன. ஃபட்ஜ் எனப்படும் பால் மிட்டாயோ வயதில் இளையது. 1888-இல் அமெரிக்காவின் வாஸர் மகளிர் கல்லூரி மாணவி ஒருத்தி கல்லூரி ஏலத்துக்காக அதனை 30 பவுண்டு செய்தாளாம். பால்கோவா கிளறிப் பழகிய நம் தாய்மாருக்கு அதன் சூட்சுமம் பிடிபட அதிக நாள் ஆகியிராது.

அரைக் கிலோ சர்க்கரை, கால் லிட்டர் பால், 50 கிராம் வெண்ணெய். அடிகனத்த பாத்திரத்தில் சர்க்கரை முற்றும் கரைந்த பிறகே கொதிக்க விடவேண்டும். ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டால் விரலால் மெல்ல உருட்டும்படி திரள வேண்டும். வெப்பமானியில் ஏறத்தாழ 115 பாகை. உடனே இறக்கி, கை பொறுக்கும் சூடு வரும்வரை கரண்டி படாமல் வைத்திருக்க வேண்டும். பலர் தோற்பது இங்கேதான். சூட்டோடு கிளறினால் சர்க்கரை பெரும் பரல்களாக உறைந்து நாவில் நறநறக்கும். ஆறியபின் அடித்தாலோ நுண்பரல்களாகி வெண்ணெய் போல் கரையும். தேங்காய்த் துருவலை வறட்டி, அடிக்கும்போது சேர்ப்பவரும் உண்டு. என் நாவுக்கு அதுவே உகந்தது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடற்காற்றின் ஈரம் இனிப்பில் ஏறிவிடுமாதலால், மழை நாளில் பாகு சற்று முற்றியே இருக்கட்டும்.

வடக்கே சென்றால் திருவொற்றியூர். பேய்க்கரும்பு தித்தித்த இடமே தமக்கு முத்தித்தலம் என்றிருந்த பட்டினத்தார்க்கு, அது இனித்தது இவ்வூரில்தான் என்று சைவ அன்பர்கள் சொல்வார்கள். அதற்கும் வடக்கே எண்ணூர்.

2023-ஆம் ஆண்டு டிசம்பரில் எண்ணூர் மக்களுக்கு வாய்த்த கிறிஸ்மஸை மறப்பதற்கில்லை. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் படர்ந்தது. வலைகளும் படகுகளும் கறுத்தன. மீன்பிடி நின்றுபோக, மீனவர்கள் வாளி கொண்டு எண்ணெயை அள்ளினார்கள். விழா முடிந்த மறுநாளாகிய 26-ஆம் தேதி நள்ளிரவில், உரத் தொழிற்சாலைக்கான கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறியபடி பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வலை வீச வழியற்ற வீட்டில் அரைக் கிலோ சர்க்கரையும் ஒரு செலவுதான். அவ்வாண்டு எத்தனை அடுப்புகளில் பாகு காய்ந்திருக்கும்?

இராயபுரத்து ஆங்கிலோ-இந்தியர் பலர் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் சென்றுவிட்டார்கள். அவர்கள் அண்டை வீட்டாருக்குக் கற்றுத் தந்த பக்குவம் இங்கேயே தங்கிவிட்டது. துணி மூடிய தட்டு இந்து வீட்டுக்கும் இஸ்லாமியர் வீட்டுக்கும் போகும். வெறுந்தட்டைத் திருப்பலாகாது என்று அவர்கள் ஒரு கைச் சர்க்கரையாவது வைத்து அனுப்புவார்கள். இனிப்புத் துண்டுகளைப் பட்டர் பேப்பரில் சுற்றித் தகர டப்பாவில் இறுக மூடி வைத்தால், மூன்று இராசாக்கள் திருநாள் வரை கெடாது.