உடும்பஞ்சோலையில் ஓர் உலைக்களம்

உடும்பஞ்சோலைக்குச் செல்வோர் பெரும்பாலும் ஏலக்காய் வாங்கவோ, தோட்டங்களில் வேலை தேடியோ, பெண் கொடுத்த வீட்டாரைக் கண்டு வரவோ செல்வர். சென்ற கோடையில் நாங்கள் சென்றது இரும்படிக்கும் தொழிலின் பொருட்டு. கற்றவன் எங்கள் மைத்துனன். ஊதுகாற்றாடியைச் சுழற்றியவர்களும் கரி சுமந்தவர்களும் கணக்கு எழுதியவர்களும் நாங்கள். ரயில்வே எழுத்தர்க்கு உலைக்களத்தில் என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். சம்பளப் பட்டியலில் ‘கொல்லர்’, ‘சம்மட்டியாள்’ என்று எத்தனையோ முறை எழுதிய கை இது. அச்சொற்களுக்குள் எவ்வளவு வெப்பம் இருக்கிறது என்பதை இப்பயணத்தில்தான் அறிந்தது.

பாலக்காட்டில் வண்டியேறிப் பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல் வழியாக மதுரையை அடைந்து, அங்கிருந்து போடிநாயக்கனூர் சென்றோம். 1928இல் திறக்கப்பெற்ற இக்கிளைப்பாதை, அகலப்பாதையாக மாற்றப்படுவதற்காக 2010ஆம் ஆண்டின் முடிவில் மூடப்பெற்று, 2023 ஜூன் 15ஆம் நாள்தான் போடி வரை மீண்டும் வண்டியைக் கண்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓர் ஏலக்காய்ச் சந்தை நகரம் ரயிலின்றி இருந்ததென்றால், மலைமேல் வாழும் நம்மவர் ஊருக்கு வந்து போவதில் எவ்வளவு இடர்ப்பட்டிருப்பர்!

போடியிலிருந்து மலைப்பாதை பதினேழு கொண்டையூசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டை அடைகிறது. விடியற்காலையில் அவ்வழியே செல்வோர்க்கு ஒரு காட்சி தவறாது கிட்டும். தேனி மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்களை ஏற்றிய ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக முனகிக்கொண்டு ஏறும். மடியில் சோற்றுத் தூக்கு, தலையில் சுற்றிய துண்டு, கண்களில் பாதி உறக்கம். இருட்டுவதற்குள் அதே வளைவுகளில் அவர்கள் இறங்கியாக வேண்டும். மெட்டில் ஒரு மாநிலம் முடிந்து மறு மாநிலம் தொடங்குகிறது. மூடுபனி மட்டும் எப்பக்கத்தது என்று தெரியாமல் இரண்டின் மேலும் படிந்து நிற்கிறது.

பூப்பாறை, சாந்தன்பாறை ஆகியவற்றைக் கடந்தால் உடும்பஞ்சோலை. வட்டத்திற்கு இவ்வூரின் பெயர் வழங்கினாலும் வட்டாட்சியர் அலுவலகம் நெடுங்கண்டத்தில் இருக்கிறது. சான்றிதழ் வாங்க வந்து இங்கே இறங்கித் திகைத்தவர்கள் உண்டு. 1972 ஜனவரி 26இல் இடுக்கி மாவட்டம் அமையும் வரை இப்பகுதி கோட்டயம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இடுக்கி என்னும் பெயர் பெரியாறு குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவே நுழைந்து செல்லும் குறுகிய இடுக்கைக் குறிப்பதாம். கொல்லனிடம் கேட்டால் இடுக்கி என்பது பழுத்த இரும்பைப் பற்றும் கருவி. இரு பொருளும் பொருந்திய மாவட்டம் இது என்று எங்கள் மைத்துனன் சொல்லிச் சிரித்தான்.

அவனைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறியவன். ஜீப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் நான்காண்டு வேலை செய்தான், பட்டறை மூடப்பட்டது. அவன் தாயார், எங்கள் அத்தையார், முப்பது ஆண்டுகளாக ஏலத்தோட்டத்தில் களையெடுத்தும் காய் பறித்தும் வருபவர். ஏலக்காய் செடியின் அடியில், தரையை ஒட்டிய சரங்களில் காய்ப்பது. நாள் முழுதும் குனிந்தும் குந்தியுமே அதைப் பறிக்க வேண்டும். இப்போது அவரால் முழங்காலை மடக்க இயலவில்லை. ஆயினும் வீட்டுக்குள் வரும் நிலையான கூலி அவருடையது ஒன்றே. “நீ ஒரு தொழிலில் காலூன்றினால் நான் நின்றுவிடுகிறேன்” என்று மகனிடம் அவர் சொல்லியிருந்தார். அவன் தேர்ந்தது இரும்புத் தொழிலை.

காரணம் இல்லாமல் இல்லை. மலையில் மண்வெட்டி, களைக்கொத்து, அரிவாள், மலையாளிகள் வாக்கத்தி என்று வழங்கும் வெட்டுக்கத்தி ஆகியவை இல்லாமல் ஒரு நாளும் கழியாது. கடையில் விற்கும் மலிவுக் கத்திகளில் பல முதல் மழைக்காலத்திலேயே வாய் மடங்கிவிடுகின்றன. வாய் மடங்கிய கத்தியால் நிழல்மரத்தின் கொம்பை இறக்குகிறவன் இருமடங்கு ஓங்க வேண்டும். கை தவறினால் மரத்திலிருந்து விழ வேண்டும். நல்ல கத்தி இங்கே உயிர்க்காப்பு.

நெடுங்கண்டம் செல்லும் வழியில் ஒரு முதிய ஆசாரியார் உலை வைத்திருக்கிறார். பூர்விகம் உத்தமபாளையம் பக்கம். தமிழருக்கு அரிவாளும் மலையாளிகளுக்கு வாக்கத்தியும் ஒரே உலையில் அடிப்பவர். அவரவர் மொழியிலேயே பேரமும் பேசுபவர். முதல் நாள் எங்கள் வெள்ளைச் சட்டையை மேலும் கீழும் நோக்கி, “இரும்பு அடிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை, தம்பி?” என்றார். மைத்துனனைக் காட்டினோம். நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “அப்பனுக்குப் பின் பிள்ளை என்று வந்த தொழில். என் பிள்ளைகள் இருவரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். இவன் எந்தக் குலத்துப் பிள்ளையாயிருந்தால் என்ன, உலை அவியாமல் இருந்தால் சரி.” அவர் கேட்டது பணமன்று. ஒரு மழைக்காலம் முழுதும் தம்மிடம் சம்மட்டி அடிக்க வேண்டும். தாம் உயிரோடு இருக்கும் வரை தம் வாடிக்கையாளரிடம் விலை குறைத்துக் கேட்கக் கூடாது. இவ்விரண்டுமே நிபந்தனைகள்.

உலை என்றால் பெரிய சூளை என்று எண்ணியிருந்தோம். தரையில் ஒரு முழ அகலத்தில் களிமண் மெழுகிய குழி. பக்கவாட்டில் காற்று புகும் இரும்புக் குழாய். குழாயின் மறுமுனையில் கையால் சுழற்றும் காற்றாடி. முற்காலத்து ஆட்டுத்தோல் துருத்தி ஓர் ஆணியில் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. எரிபொருள் கொட்டாங்கச்சிக் கரி. மலையாளத்தில் சிரட்டைக்கரி. புகை குறைவு, சூடு மிகுதி, சாம்பல் சிறிது. ஏலமலைக் காட்டில் வனத்துறையின் இசைவின்றி மரம் வெட்டலாகாது. ஆதலால் விறகுக்கரி சுட நினைப்பது வீண்.

இரும்பின் கதையை ஆசாரியார் நிறத்தால் சொல்லிக் கொடுத்தார். மங்கிய சிவப்பில் அடித்தால் இரும்பு வெடிக்கும். ஆரஞ்சுப் பழ நிறத்தில் அடித்தால் களிமண்போல் இசையும். வெண்மையேறித் தீப்பொறி பூத்தால் இரும்பே எரிகிறது என்று பொருள். அதனைத் தூக்கி எறிய வேண்டியதுதான். பகல் வெளிச்சத்தில் இந்நிறங்கள் ஏமாற்றும். கொல்லன் பட்டறை எங்கும் இருட்டாகவே இருப்பதன் காரணம் அன்றுதான் விளங்கிற்று. அவரவர் வறுமையால் என்று இதுகாறும் கருதியிருந்தோம்.

கத்திக்கு உரிய இரும்பு பழைய ஜீப்பின் வில்லுப்பட்டை. கட்டடக் கம்பியை என்னதான் காய்ச்சித் தோய்த்தாலும் கத்திக்கு வேண்டிய வாய் ஏறாது. அதில் கரிமம் நூற்றில் கால் பங்குக்குக் குறைவு. வில்லுப்பட்டையில் அரைப் பங்குக்கு மேல். இவ்வளவு சிறு வேற்றுமையே மொக்கையையும் கூர்மையையும் பிரிக்கிறது. நாகம் பூசிய குழாய், வாளி போன்றவற்றை மட்டும் உலையில் வைக்கவே கூடாது. அந்த வெண்புகையை மூச்சில் இழுத்தவனுக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் காணும்.

இனித் தோய்ச்சல். இத்தொழிலின் உயிர் இதில் இருக்கிறது. அடித்து வடித்த கத்தியை மீண்டும் சிவக்கக் காய்ச்சி, ஒரு காந்தத்தை அருகில் கொண்டுபோனார் ஆசாரியார். ஏறத்தாழ 770 டிகிரி செல்சியஸில் இரும்பு காந்தத்திற்கு மசியாது. ஒட்டாமல் வழுகியதும், இன்னும் சிறிது காய்ச்சி, வாய்ப்பகுதியை மட்டும் நீரில் அமிழ்த்தி எடுத்தார். முதுகில் எஞ்சிய சூடு மெல்ல வாயை நோக்கி இறங்கும். தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் வைக்கோல் மஞ்சள், பழுப்பு, கருநீலச் சிவப்பு, நீலம் என்று நிறங்கள் ஊர்ந்து வரும். மஞ்சளில் நிறுத்தினால் கூர்மை மிகும், கல்லில் பட்டால் சில்லு தெறிக்கும். நீலம் வரை விட்டால் முறியாது, கூரும் நில்லாது. வாக்கத்திக்குப் பழுப்பு முடிந்து கருஞ்சிவப்பு தொடங்கும் கணம். அக்கணத்தில் மீண்டும் நீரில். அவர் காந்தத்தைக் காட்டியது எங்களுக்காக. தமக்குக் கண்ணே போதும்.

மைத்துனன் தானே தோய்த்த முதற்கத்தி ‘டிக்’ என்று ஓசையிட்டது. வாயில் மயிரிழை போன்ற வெடிப்பு. மூன்று நாள் உழைப்பு. ஆசாரியார் அதை வாங்கிக் கூரையில் செருகிவிட்டு, “அடுத்ததை எண்ணெயில் தோய்” என்று மட்டும் கூறினார். வில்லுப்பட்டை நீரின் விரைந்த குளிர்ச்சியை எளிதில் தாங்காது. நீரில் தோய்ப்பதற்குக் கைப்பழக்கம் வேண்டும். அக்கூரையில் வேறு பல கத்திகளும் செருகியிருந்தன. பல ஆண்டுத் துரு ஏறியவை. அவை அவருடைய பிள்ளைகள் அடித்தவை என்று பிறகு அறிந்தோம்.

இவ்வளவு நுட்பம் நம் நாட்டுக்குப் புதிதன்று. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகள் வெளிப்பட்டன. அங்கே எஃகும் செய்தனர். நாங்கள் வாழும் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேலைக் கடற்கரைக்குச் சென்ற பழைய வணிகப் பாதையில் இருந்த ஊர் அது. தென்னாட்டு எஃகை 1819இல் இங்கிலாந்தில் ஆராய்ந்து எழுதியவர்களுள் ஒருவர் மைக்கேல் பாரடே. பின்னாளில் மின்சாரத்தால் உலகப் புகழ் பெற்ற அப்பெரியார் ஒரு கொல்லரின் மகன்.

வீட்டில் உலை அமைத்த கணக்கைக் கேட்போர்க்குச் சொல்கிறோம். அத்தையார் வீட்டுப் பின்புறம் நான்கு தூண் நட்டுத் தகரம் வேய்ந்ததில் 3,400 ரூபாய். சுவர் வைக்கவில்லை; கரிப்புகை அடைபட்டால் ஆளை மயக்கிக் கொல்லும். காற்றாடி 2,600. பழைய வைஸ் 2,200. சுத்தியல் இரண்டு 900, கரி இரண்டு மூட்டை 1,800. இடுக்கிகளை அவனே அடித்துக்கொண்டான். பட்டடைக்கல் புதிதாக வாங்க வசதியில்லை. அரை மீட்டர் ரயில் துண்டு ஒன்றை வாங்கினோம். மீட்டருக்கு 52 கிலோ எடையுள்ள தண்டவாளம். எனவே 26 கிலோ, விலை 1,300. அதைப் படுக்கவைக்காமல் மரத்துண்டில் செங்குத்தாக நாட்டினால் முழு எடையும் சுத்தியலின் நேர்க்கீழே நிற்கும். மேல்முகம் நின்றவன் கைமுட்டி அளவுக்கு இருக்க வேண்டும். ஆக மொத்தம் 12,200 ரூபாய்.

ரயில் துண்டைப் பற்றி, எங்கள் உத்தியோகத்தின் பொருட்டு ஒரு சொல். தண்டவாளத்தோரம் கிடப்பதை எடுப்பது 1966ஆம் ஆண்டு ரயில்வே சொத்துச் சட்டப்படி ஐந்தாண்டு வரை சிறை தரும் குற்றம். ரயில்வே ஏலத்தில் எடுத்த வணிகரிடம் ரசீதுடன் வாங்குக. எங்கள் ரசீது அத்தையாரின் பெட்டியில், குடும்ப அட்டையோடு இருக்கிறது.

அரசின் உதவியும் உண்டு. 2023 செப்டம்பர் 17இல் தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தில் கொல்லர் உட்படப் பதினெட்டுத் தொழிலினர் இடம்பெற்றனர். ஐந்து முதல் ஏழு நாள் அடிப்படைப் பயிற்சி, நாளொன்றுக்கு 500 ரூபாய், கருவிகளுக்கு 15,000 ரூபாய், பிறகு குறைந்த வட்டிக்குக் கடன் என்பன அதன் விதிகள். அரசு ஊழியரும் அவர்தம் குடும்பத்தாரும் சேரலாகாது. இவ்விதியில் குடும்பம் என்பது கணவன், மனைவி, மணமாகாத மக்கள் மட்டுமே. ஆகவே மைத்துனனுக்குத் தடையில்லை. ஆனால் ஏற்கெனவே அத்தொழில் செய்பவனாக இருத்தல் வேண்டும். ஐந்து நாளில் தோய்ச்சல் வந்துவிடுமா என்று ஆசாரியாரைக் கேட்டோம். “வராது. ஆனால் ஐந்து நாள் கூலி வரும், போகட்டும்” என்றார்.

மழைக்காலம் முடிந்து ஐப்பசியில் மைத்துனன் தன் உலையை மூட்டினான். ஆசாரியார் உலைக்கும் இதற்கும் ஏழு கிலோமீட்டர் இடைவெளி. முதல் மாதம் வந்தவை பெரும்பாலும் பழைய கத்திகளைக் காய்ச்சி வாய் அடித்துத் தரும் வேலைகள், புதுக்கத்தி நான்கே. கரிச்செலவு போக அவன் கையில் நின்றது தாயார் பதினோரு நாளில் ஈட்டும் கூலிக்குச் சமம். இரண்டாம் மாதம் பதினாறு நாள் கூலி. இருபத்தைந்தைத் தொட்டால் நின்றுவிடுவதாக அத்தையார் சொல்லியிருக்கிறார். இதனை எழுதும் இன்றும் அவர் விடியற்காலை ஜீப்பில் தோட்டத்திற்குச் சென்றிருக்கிறார். கொட்டாங்கச்சிக் கரி பாலக்காட்டில் விலை மலிவாமே, பொங்கலுக்கு வரும்போது மூன்று மூட்டை கொண்டுவர முடியுமா என்று மைத்துனன் கேட்டிருக்கிறான். பார்சல் கட்டணத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.