பச்சை விளக்கு

வீட்டுக்கு எஸ்பிரெசோ மெஷின் வந்த முதல் நாள் அம்மாவுக்குப் போட்டுக் கொடுத்த காபி புளித்தது. ஸ்விட்சைப் போட்ட ஒரு நிமிடத்துக்குள் பச்சை விளக்கு எரிந்தது. சூடாகிவிட்டது என்று நம்பிவிட்டேன்.

இந்த வகை மெஷினில் பெரிய பாய்லர் கிடையாது. தெர்மோபிளாக் என்ற உலோகக் கட்டி வழியே ஓடும் கொஞ்சம் தண்ணீர்தான் சூடாகிறது. விளக்கு சொல்வதும் அந்தக் கட்டியின் சூட்டைத்தான். தூள் போடும் கைப்பிடியும் தம்ளரும் குளிர்ந்தே கிடந்து, வரும் சூட்டை உறிஞ்சிவிடும். தண்ணீர் 90 முதல் 96 டிகிரிக்குள் இருக்க வேண்டும். குறைந்தால் காபி புளிக்கும். இப்போதெல்லாம் தூள் போடாமல் இரண்டு முறை வெந்நீரை ஓடவிட்டு, அதிலேயே தம்ளரையும் சூடாக்கிக்கொள்கிறேன். மதுரை டீக்கடை மாஸ்டரும் பாய்லர் வெந்நீரில் கிளாஸை அலசிவிட்டுத்தான் ஊற்றுவார்.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எங்க ஊர்க் கடையில நம்ம கிளாஸ் வெளிய கூரையில சொருகியிருக்கும். நாமளே எடுத்து நாமளே கழுவி வைக்கணும். பாய்லர் தண்ணி அதுக்குக் கிடையாது" என்றார்.

கடைப் பாத்திரத்தைத் தீண்டாமையின் பெயரால் மறுப்பது 1955ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். அம்மா பிறந்தது அதற்குப் பிறகு. இன்று சில ஊர்களில் தனி கிளாஸ் போய், நமக்கு மட்டும் பேப்பர் கப் வந்திருக்கிறது.

தோழர்களே, கள ஆய்வுக்குப் போனால் "இங்கே அதெல்லாம் இல்லை" என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். கடை பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்து, யார் கைக்கு எது போகிறது என்று பாருங்கள்.