தலைப்பு என்னுடையது

பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் நான். எழுதியவற்றுள் பெரும்பாலானவை மறுநாளே கடலைச் சுருளாகவும் அலுமாரித் தட்டின் விரிப்பாகவும் மாறிவிட்டன. அதில் எனக்கு வருத்தமேதும் இல்லை. நாளிதழின் ஆயுள் ஒரு நாள்தான் என்பதை ஒப்புக்கொண்டே ஒருவன் இத்தொழிலுக்கு வருகிறான். ஆனால் ஒரேயொரு கட்டுரை மட்டும் அவ்வாறு போய்விடாமல், என் மேசை இழுப்பறையின் அடியில் இத்தனை காலமாகக் கிடந்தது. 1978ஆம் ஆண்டின் வாரப் பதிப்பொன்றில் அரைப் பக்கத்துக்கு வெளியானது. அதைப் பற்றி இதுவரை எங்கும் எழுதியதில்லை.

வைத்தியசாலை ஊழியர்களின் வேலைநிறுத்தம் ஒன்றுக்காகச் செய்தி சேகரிக்கச் சென்றிருந்தேன். சிறுவர் விடுதியில் ஆறு வயதுப் பையன் ஒருவன், கையில் குருதி ஏறிக்கொண்டிருக்கக் கட்டிலில் சாய்ந்திருந்தான். முன்நெற்றி புடைத்து, கன்ன எலும்புகள் உயர்ந்து, மண்ணீரல் வீங்கியதால் வயிறு முன்தள்ளியிருந்தது. நிறம் வெளிறிய மஞ்சள். மாதத்துக்கொரு முறை குருதி ஏற்றாவிட்டால் பிள்ளை தாங்கமாட்டான் என்று தாய் சொன்னார். குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் வடமேல் மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில் பலசரக்குக் கடை வைக்கப் போன குடும்பம். உடன் வந்திருந்த தகப்பன் வழி உறவினர் என்னைத் தனியே அழைத்து, தாயின் பக்கத்திலே இப்படிச் சின்ன வயதில் செத்த பிள்ளைகள் உண்டென்றும் அந்த வழியால் வந்த வினைதான் இதுவென்றும் கூறினார். வைத்தியர் அப்போது கிளினிக்கில் இருந்தார். காத்திருந்து கேட்டிருக்கலாம். பக்கம் முடிகிற நேரம். நான் காத்திருக்கவில்லை.

“தாய் வழி வந்த சாபம்.” தலைப்பு என்னுடையது. ஆசிரியர் போட்டது, உதவி ஆசிரியர் மாற்றியது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. ஊரின் பெயர், கடையின் பெயர், தாயின் பெயர் எல்லாம் அதில் இருந்தன. பையன் சிரித்தபடி இருக்கும் படமும் இருந்தது.

மூன்று வாரங்களின் பின் அந்த வைத்தியரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தாயையும் பையனையும் தாயின் பிறந்தகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஒன்பது வயது மூத்த பெண்ணை மட்டும் தகப்பன் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். “உங்கள் கட்டுரையை வாசித்துக் காட்டித்தான் அனுப்பியிருக்கிறார்கள்” என்று ஒரு வரி. வேறு கண்டனம் எதுவும் இல்லை.

மறுவாரம் போய் அவர் முன் அமர்ந்தேன். அவர் மருந்துச்சீட்டொன்றைத் திருப்பி, அதில் நான்கு கட்டங்கள் கீறினார். பிறப்புரிமையியல் பற்றி நான் பெற்ற முதற் பாடம் அதுதான். பட்டாணிச் செடிகளை வைத்து மெண்டல் 1866இல் எழுதி, 1900 வரையில் எவருமே பெரிதாகப் பொருட்படுத்தாத விடயம் அந்தச் சீட்டுக்குள் அடங்கிவிட்டது.

நமது குருதிக்குச் சிவப்பைத் தருவது ஈமோகுளோபின். வளர்ந்தவரின் ஈமோகுளோபினில் அல்பாச் சங்கிலி இரண்டும் பீற்றாச் சங்கிலி இரண்டும் உள்ளன. பீற்றாச் சங்கிலியைச் செய்வதற்கான பரம்பரையலகு 11ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. ஒவ்வொருவரிடமும் அதில் இரண்டு பிரதிகள்: தாய் தந்தது ஒன்று, தந்தை தந்தது ஒன்று. ஒரு பிரதி பழுதாகி மற்றது நன்றாயிருந்தால் ஆளுக்கு நோயில்லை. செங்குழியங்கள் சற்றுச் சிறிதாக இருக்கும், சில வேளை இலேசான சோகை இருக்கும், அவ்வளவுதான். அவரைக் ‘காவி’ என்பர். இரண்டு பிரதிகளும் பழுதானால்தான் கடும் பீற்றாத் தலசீமியா. ஆகவே, அந்தப் பையனுக்கு இந்நோய் வருவதற்குத் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றும் வந்தே ஆகவேண்டும். தாய் வழி மட்டும் என்று எழுதியது வெறும் தவறல்ல, நடக்கவே முடியாத ஒன்று.

“தகப்பனைச் சோதித்தீர்களா?” என்றேன். “மூன்று தரம் கேட்டேன். தனக்கு ஒரு நோயும் இல்லை என்கிறார். அதுவும் உண்மைதானே” என்றார் வைத்தியர்.

அந்த நான்கு கட்டங்களைப் பலர் பிழையாக விளங்கிக்கொள்வார்கள் என்றும் அவர் சொன்னார். காவிகளான இருவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அந்தத் தாயோ, ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தார். பரம்பரையலகுகளுக்குக் கணக்குப்புத்தகம் கிடையாது. முன்பு என்ன விழுந்தது என்பது அவற்றுக்குத் தெரியாது. ஒவ்வொரு கருவுக்கும் காய் புதிதாகவே உருட்டப்படுகிறது. மூத்த பெண்ணின் நிலை என்னவென்று கேட்டேன். அவள் நோயாளியல்லள் என்பது தெரிந்துவிட்டதால் நான்கில் ஒரு கட்டத்தை அழித்துவிடவேண்டும். மிஞ்சிய மூன்றில் இரண்டு காவி. அவள் காவியாக இருக்கும் வாய்ப்பு பாதியல்ல, மூன்றில் இரண்டு. நான் பாதியென்றே நினைத்திருந்தேன்.

திருத்தம் ஒன்று வெளியிடவேண்டுமென ஆசிரியபீடத்தில் கேட்டேன். விஞ்ஞானத் திருத்தத்தை யார் வாசிக்கப் போகிறார்கள் என்றார் பொறுப்பிலிருந்தவர். கடைசியில் ஒன்பதாம் பக்கத்தில், ஏலவிற்பனை அறிவித்தல்களுக்கு மேல், நான்கு வரிகள் வந்தன. கட்டுரைக்கு அரைப் பக்கம், திருத்தத்துக்கு நான்கு வரி. இன்னும் உரத்துக் கேட்டிருக்க வேண்டும். எனக்கும் வேலையை இழக்கிற துணிவு இருக்கவில்லை.

ஆகவே பஸ் ஏறி அந்தக் கடைக்கே போனேன். கல்லாவில் தகப்பனின் தாயார் இருந்தார். என்னைப் பார்த்த மாத்திரத்திலே, “எழுதினது நீங்களோ தம்பி? உள்ளதைத்தானே எழுதினியள்” என்று வரவேற்றார். அதைவிட அவர் அடித்திருக்கலாம். நான்கு கட்டங்களைக் கீறிப் பயனில்லை என்று தெரிந்தது. கடைச் சாக்குகளிலிருந்து பயறும் உழுந்தும் எடுத்தேன். இரண்டு கிண்ணங்களில் ஒரு பயறும் ஓர் உழுந்துமாகப் போட்டு, இது மகன், இது மருமகள், கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஒன்று எடுங்கள், இரண்டும் உழுந்தானால் அதுதான் பேரன் என்றேன். அம்மையார் விளையாட்டாகவே எடுக்கத் தொடங்கினார். ஐந்தாவதோ ஆறாவதோ முறை இரண்டு உழுந்து வந்தது. பிறகு மகனின் கிண்ணத்திலிருந்த உழுந்தை எடுத்துவிட்டு இரண்டு பயறாகப் போட்டுக்கொடுத்தேன். எத்தனை முறை எடுத்தும் இரண்டு உழுந்து வரவில்லை. அவர் நெடுநேரம் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப என்ர பிள்ளையின்ர கையிலயும் ஒண்டு இருந்ததெண்டு சொல்லுறியள்” என்றார். “ஓம் அம்மா.” “அது எனக்குள்ளாலயோ, அவற்ர தேப்பனுக்குள்ளாலயோ?” அந்தக் கேள்விக்கு என்னிடம் பதிலிருக்கவில்லை. அதைச் சோதித்துத்தான் சொல்லலாம் என்றேன். தேநீர் தந்து அனுப்பினார்.

இந்த உழுந்து எங்கிருந்து வந்தது என்பதை அறியப் பின்னாளில் நிறையத் தேடி வாசித்தேன். அமெரிக்காவின் டிற்ரோயிற் நகரில் தோமஸ் கூலி என்ற சிறுவர் வைத்தியர் 1925இல் இந்நோயை விவரித்தார். அவரது நோயாளிகள் மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள். ஆகவே 1932இல் கடலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு குருதியைச் சேர்த்துத் தலசீமியா என்று பெயரிட்டார்கள். கடற்குருதி! பெயர் அழகானது, ஆனால் பொருத்தமற்றது. அந்தக் கடலைக் கண்ணாலும் காணாத இந்தியா, இலங்கை, தாய்லாந்து மக்களிடமும் இது பரவலாக உண்டு. எமது நாட்டில் அதிகம் காணப்படும் பீற்றாத் தலசீமிய விகாரங்களுள் ஒன்று ஒரேயோர் எழுத்து மாறியதால் வருவது. அதுவும் சங்கிலியைச் செய்யும் வாசகத்தில் அல்ல. பரம்பரையலகின் நடுவே வெட்டி வீசப்படவேண்டிய பகுதி ஒன்று உண்டு, அதன் தொடக்கத்தில்தான் அந்த எழுத்து மாறுகிறது. எங்கே வெட்டுவதென்ற குறி குழம்பிவிடுகிறது. பிரதி திருத்துபவரின் சிவப்புக் கோடு ஓர் அங்குலம் தள்ளி விழுந்தால் செய்தி என்னவாகும் என்று அறிந்தவனுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இப்படிப் பிள்ளைகளைக் கொல்லும் பரம்பரையலகு ஏன் அழிந்துபோகவில்லை? இந்த வினாவுக்கு 1949இல் விடை கூறியவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். இங்கிலாந்தில் பிறந்து, 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, 1964இல் புவனேஸ்வரத்தில் காலமான அதே ஹால்டேன்தான். காவிகளை மலேரியா அவ்வளவாகத் தாக்காதிருக்கலாம், அதனாலேயே மலேரியா நிலங்களில் இது நிலைத்திருக்கிறது என்றார் அவர். 1954இல் அந்தனி அலிசன் கிழக்கு ஆபிரிக்காவில், இதற்கு உறவான அரிவாட்கலச் சோகையின் காவிகளிடம் அத்தகைய பாதுகாப்பு இருப்பதைக் காட்டினார். மலேரியா அந்த எழுத்தை மாற்றவில்லை. மாற்றம் தற்செயலாக நிகழ்ந்தது. மாறியவர்களைக் காய்ச்சல் சற்றுக் கூடுதலாக உயிரோடு விட்டுவைத்தது, அவ்வளவுதான்.

இலங்கையருக்கு இதை நூலில் படித்து அறியவேண்டியதில்லை. 1934-35இல் மழை பொய்த்து, ஆறுகள் குட்டைகளாகத் தேங்கி, நுளம்பு பெருகி வந்த மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். குருநாகலும் கேகாலையும் மிக மோசமாகத் தாக்கப்பட்டன. என் சிறுவயதில் டிடிடி தெளிப்பவர்கள் வந்து போனால் சுவரில் வெண்படலம் நாட்கணக்கில் கிடக்கும். 1963இல் நாடு முழுவதற்கும் 17 நோயாளர்களே என்ற நிலை வந்தது, தெளிப்பதைக் கைவிட்டார்கள், சில ஆண்டுகளில் காய்ச்சல் இலட்சக்கணக்கில் திரும்பிவந்தது. போர்க்காலத்தையும் தாண்டி, உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது. காய்ச்சல் போய்விட்டது. அதற்கெதிராகக் குருதியில் கட்டிய அணை மட்டும் எங்களிடம் இருக்கிறது. தேசிய தலசீமியா நிலையம் குருநாகலில் அமைந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 1934தான் நினைவுக்கு வருகிறது.

பையனின் தகப்பன் அடுத்த ஆண்டு சோதனைக்குப் போனார். காவி. மனைவியையும் மகனையும் அவரே போய் அழைத்துவந்தார் என்று வைத்தியர் எழுதினார். தாயார்தான் பிடித்துத் தள்ளினாராம். பையன் 1984இல், பன்னிரண்டாவது வயதில் இறந்தான். நோயைவிடச் சிகிச்சைதான் அவனைக் கொன்றது எனலாம். ஏற்றும் ஒவ்வொரு பைக் குருதியிலும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது. அதை வெளியேற்ற உடலுக்கு வழி கிடையாது. அது இதயத்திலும் ஈரலிலும் படிகிறது. இரவு முழுவதும் தோலின் கீழ் சிறு பம்பு மூலம் மருந்து செலுத்தி இரும்பை அகற்றும் முறை அன்று உலகில் இருந்தது. அந்தக் குடும்பத்தின் கைக்கு எட்டவில்லை. இன்று அதற்கு வாயால் விழுங்கும் மருந்தும் உண்டு.

சாதகப் பொருத்தம் பார்க்கும் எம்மவர் கூடவே குருதிச் சோதனையும் பார்க்கவேண்டும் என்று இப்போது பலர் எழுதுகிறார்கள். எனக்கும் அது உடன்பாடே. கருவைக் கலைப்பதற்குத் தாயின் உயிரைக் காப்பதற்கன்றி அனுமதிக்காத எங்கள் நாட்டில், திருமணத்துக்கு முன் அறிவதே கைக்கெட்டிய வழி. சைப்பிரசில் 1980களின் தொடக்கத்திலிருந்து திருச்சபையே திருமணத்துக்கு முன் சோதனைச் சான்றிதழ் கேட்டது. அங்கு காவிகளாகத் தெரியவந்த சோடிகளில் பெரும்பாலோர் பிரியவில்லை, மணம் முடித்தே வழி தேடினர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். எங்களூரில் எனக்குள்ள அச்சம் வேறு. பெண்ணின் சீட்டை மட்டும் கேட்டு, மாப்பிள்ளையின் சீட்டைக் கேட்காமல் விடுகிற வீடுகளை நான் அறிவேன். ஒருவர் மட்டும் காவியென்றால் பிள்ளைக்குத் தலசீமியா வரும் என்ற அச்சமே வேண்டாம். அந்தச் சீட்டைக் காட்டிச் சம்பந்தத்தை முறிப்பவர்கள் என்னுடைய 1978ஆம் ஆண்டுக் கட்டுரையைத்தான் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

2023 நவம்பரில் பிரித்தானியா, பரம்பரையலகைத் திருத்தும் முதல் சிகிச்சைக்கு அனுமதி வழங்கியது. தலசீமியாவும் அதில் அடக்கம். பழுதான எழுத்தை அது தொடுவதில்லை. கருவிலிருக்கும்போது நாம் செய்த வேறொரு வகை ஈமோகுளோபின் உண்டு. பிறந்தபின் அதை நிறுத்திவைக்கும் ஆளியைக் கெடுத்து, பழைய ஊற்றைத் திரும்பத் திறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் அதற்கு விலை 22 இலட்சம் டொலர். வாசித்தபோது அந்தக் கடையின் சாக்குகள்தாம் கண்முன் வந்தன.

2024இல் ஸ்காபரோவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அந்த மூத்த பெண். இப்போது ஐம்பத்தைந்து வயது. எனது இலக்கத்தை எப்படியோ தேடி எடுத்திருக்கிறார். மகளுக்குக் கலியாணம் பேசியிருப்பதாகவும், தானும் மகளும் காவிகள் என்றும், மாப்பிள்ளைப் பையன் கேட்காமலே தானும் சோதித்துப் பார்த்ததாகவும், அவன் காவியல்லன் என்றும் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்கு இடம் தரவில்லை.

“மாமா, அந்தப் பேப்பர் உங்களிட்ட இருக்கோ?”

இருக்கிறது என்றேன்.

“தம்பியின்ர படம் ஒண்டும் எங்களிட்ட இல்லை. வீடு எரிஞ்சதோட எல்லாம் போச்சு. அதில வந்தது ஒண்டுதான்.”

இழுப்பறையிலிருந்து எடுத்து மேசையில் விரித்தேன். தாள் பழுப்பேறி, மடிப்பில் கிழிந்திருந்தது. படத்தை மட்டும் வெட்டி அனுப்பலாம் என்று கத்தரிக்கோலையும் எடுத்தேன். பிறகு அதை வைத்துவிட்டு, தலைப்போடு முழுத்தாளையும் உறையிலிட்டுப் பதிவுத் தபாலில் சேர்த்தேன்.