லோட் பேலன்சருக்குப் பெயர் வைப்பது

மார்ச் 3

குபர்னெட்டிஸ் கிளஸ்டரில் லோட் பேலன்சர் வகைச் சர்வீஸ் ஒன்றைக் கேட்டால், கிளவுட் தானே ஒரு லோட் பேலன்சரை எழுப்பி, தானே பெயரும் வைத்துவிடுகிறது. ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் பழைய முறைப்படி அந்தப் பெயர் வெறும் அடையாள எண்தான்: சர்வீஸின் எண்ணில் உள்ள கோடுகளை எடுத்துவிட்டு, முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்து, 32 எழுத்தில் வெட்டிவிடுவார்கள். ஒரே கிளஸ்டர் என்றால் தொல்லையில்லை. சோதனைக்கு ஒன்று, வாடிக்கையாளர் பயன்பாட்டுக்கு இரண்டு என்று பெருகியபின், எந்த வரி எந்தக் கிளஸ்டருடையது என்பது கன்சோலைப் பார்த்தால் விளங்காது. அசூரில் கோளாறு வேறு மாதிரி. அங்கே ஏ.கே.எஸ். கிளஸ்டர் எதை எடுத்தாலும் லோட் பேலன்சரின் பெயர் இயல்பாக 'குபர்னெட்டிஸ்'தான். ரிசோர்ஸ் குரூப்பை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். இது அழகு பற்றிய குறை அல்ல. ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் சர்வீஸ்களை முதலில் நீக்காமல் கிளஸ்டரை அழித்தால் லோட் பேலன்சர்கள் பின்தங்கி, மணிக்கணக்கில் கட்டணம் ஏற்றிக்கொண்டிருக்கும். யாருடையது என்று தெரியாததை நீக்க எந்தப் பொறியாளரும் தயங்குவார், தயங்கவும் வேண்டும்.

மார்ச் 5

நாமே பெயர் வைப்போம் என்றால், டேக் போதுமே, பெயர் எதற்கு என்பார்கள். செலவைப் பிரித்துக் கணக்கிட டேக் அவசியம்தான். அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் ஏ.டபிள்யூ.எஸ்.ஸின் கிளவுட்வாட்ச் அளவீடுகளிலும் டி.என்.எஸ். முகவரியிலும் வந்து நிற்பது பெயர்தான், டேக் அல்ல. நள்ளிரவில் அலாரம் அடிக்கும்போது கண்ணில் படுவதும் அதுவே. புதிய ஏ.டபிள்யூ.எஸ். கன்ட்ரோலர் நேம்ஸ்பேஸில் 8 எழுத்து, சர்வீஸில் 8 எழுத்து, ஹாஷில் 10 எழுத்து என்று எடுத்துக் கோக்கிறது. நல்ல முன்னேற்றம். ஆனால் பல கிளஸ்டர் வைத்திருப்பவருக்கு முதலில் தேவைப்படும் கிளஸ்டர் பெயர் அந்த ஹாஷுக்குள் கரைந்துபோகிறது.

மார்ச் 6

வலுவான மறுப்பு இன்னொன்று உண்டு: சர்வீஸின் அனோட்டேஷனில் கையால் வைத்த பெயர் மோதும். உண்மைதான். ஒரே கணக்கில், ஒரே ரீஜனில் பெயர் தனித்திருக்க வேண்டும் என்பது ஏ.டபிள்யூ.எஸ். விதி, ஒரே மேனிஃபெஸ்டை இரண்டு கிளஸ்டரில் ஏற்றினால் இரண்டும் ஒரே பெயரைக் கேட்கும். ஓப்பன்ஸ்டாக் கிளவுடோ, கிளஸ்டர், நேம்ஸ்பேஸ், சர்வீஸ் மூன்றையும் வரிசையாகக் கோத்துப் பெயரிடுகிறது. சரியான வடிவம் அதுவே என்பேன். அங்கும் கிளஸ்டர் பெயரைத் தராமல் விட்டால் எல்லாக் கிளஸ்டரும் 'குபர்னெட்டிஸ்' ஆகிவிடும். ஆகவே மோதலுக்கு மருந்து ஹாஷ் மட்டுமல்ல. கிளஸ்டரின் குறுங்குறியைப் பெயரின் தலையில் வைப்பதும் மருந்துதான். பழைய எச்சரிக்கை ஒன்றும் உண்டு: 1990இல் டான் லீபஸ் எழுதிய ஆர்.எஃப்.சி. 1178, கணினிக்கு அது ஈடுபட்டிருக்கும் திட்டத்தின் பெயரை வைக்காதீர்கள் என்றது. வேலை மாறும், பெயர் பொய்யாகும் என்ற கவலை அது. ஏ.டபிள்யூ.எஸ். லோட் பேலன்சருக்கு அந்தக் கவலை பொருந்தாது. அது ஒரு சர்வீஸுக்காகப் பிறந்து, அந்தச் சர்வீஸோடு போய்விடுகிறது. குழு, பொறுப்பாளர், செலவுத் தலைப்பு போன்ற மாறுகிறவை டேக்கில் இருக்கட்டும்.

ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் ஒருமுறை வைத்த பெயரை மாற்ற முடியாது. சர்வீஸ் உருவானபின் அனோட்டேஷனைத் திருத்தினாலும் பலனில்லை. புதிய கிளஸ்டர் எழுப்புகிறவர்களே, முதல் சர்வீஸை ஏற்றுமுன் குறுங்குறியை முடிவு செய்து, அனோட்டேஷனில் பெயரை எழுதிவிடுங்கள்.