போனக்காட்டுக்குப் போன புல்லட்

கரமனையிலும் சாலைக் கடைத்தெருவிலும் வாழும் நம் குடும்பத்துக் குழந்தைகளிடம், நாம் பருகும் நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், குழாயிலிருந்து என்பார்கள். அந்தக் குழாய்க்கு நீர் தருவது கரமனை ஆறு. அவ்வாறு பிறப்பது கிழக்கேயுள்ள அகத்திய மலைத்தொடரில். தமிழ் முனிவர் உறையும் மலை என்று நம் முன்னோர் போற்றிய இடம் அது. அதன் கொடுமுடி 1,868 மீட்டர் உயரமுடையது. திருவிதாங்கூர் அரசின் வானியலறிஞராக விளங்கிய ஜான் ஆலன் புரூன், 1855ஆம் ஆண்டில் அம்முடியில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். இன்று கேரளப் பக்கத்திலிருந்து மலையேறுவோர் நடைப் பயணத்தைத் தொடங்கும் இடம், அடிவாரத்திலுள்ள போனக்காடு.

போனக்காடு ஒரு தேயிலைத் தோட்டம். திருவனந்தபுரத்திலிருந்து ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர் தொலைவு. நெடுமங்காடு, விதுரா ஆகிய ஊர்களைக் கடந்து, பொன்முடிச் சாலையை விட்டுப் பிரிந்து, காணித்தடம் வனச் சாவடியைத் தாண்டிக் காட்டுவழியே ஏற வேண்டும். ஆங்கிலேயர் காலத்தில் காட்டைத் திருத்தித் தேயிலை பயிரிட்டபோது, வேலைக்கு வந்தவருள் தமிழர் மிகுதி. மலைக்கு அப்பால் இருப்பது திருநெல்வேலிச் சீமையல்லவா? வந்தவர்கள் லயங்களில் குடியேறினார்கள். அங்கேயே பிள்ளை பெற்றார்கள். பேரன் பேத்தியும் கண்டார்கள். தமிழ்க் காதுக்குப் 'போன காடு' என்று ஒலிக்கும் அப்பெயர், இந்நாளில் அவ்விடத்துக்குப் பொருந்தி விட்டதுதான் துயரம்.

எங்கள் குடும்பத்துக்கு அவ்வூரை அறிமுகப்படுத்தியது ஒரு மோட்டார் சைக்கிள். என் தந்தையார் சாலையில் சிறியதொரு ஜவுளிக்கடை வைத்திருந்தார். தோட்டத்தில் சம்பளம் போடும் நாளன்று, தம் புல்லட் வண்டியின் பின்னே இரண்டு துணி மூட்டைகளைக் கட்டிக்கொண்டு மலையேறுவார். சேலையும் வேட்டியும் தவணைக்குக் கொடுப்பார். ஐந்தும் பத்துமாகப் பணம் திரும்பும். இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தோட்டம் நொடித்துக் கூலி நின்றது. தந்தையாரின் மலைப் பயணமும் நின்றது. சில ஆண்டுகளில் அவர் காலமானார். அதன்பின் வண்டி எங்கள் வீட்டுக் கொட்டகையில் அசையாமல் நின்றது. பழைய இரும்பு வாங்குவோர் பலமுறை வந்து கேட்டும் அன்னையார் கொடுக்க இசையவில்லை. 2022ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அதை ஓடவைப்பதென்று என் தம்பியும் நானும் முடிவு செய்தோம்.

இந்த வண்டிக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள உறவை அன்பர்கள் பலர் அறிந்திருக்கலாம். ராயல் என்ஃபீல்டு என்பது இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் இயங்கிய நிறுவனம். எல்லைக்காவலுக்கு ஏற்ற உறுதியான வண்டி இந்திய ராணுவத்துக்குத் தேவைப்பட்டது; புல்லட் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1955ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்னும் கம்பெனி உருவாயிற்று. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளை இங்கே பூட்டினார்கள். நாளடைவில் எல்லா உறுப்புகளையும் இங்கேயே செய்தார்கள். 1967ஆம் ஆண்டில் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. தாய்வீட்டில் அணைந்த அடுப்பு புகுந்த வீட்டில் எரிந்தது எனலாம். 1977ஆம் ஆண்டில் திருவொற்றியூர்ப் புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகத் தொடங்கின. தண்டையார்ப்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் பல குடும்பங்களுக்குச் சோறிட்ட யந்திரம் அது.

எங்கள் வண்டி 1971ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. பழைய யந்திரத்தைப் புதுப்பிக்க முனைவோர்க்கு முதல் பாடம், அவசரப்பட்டு எதையும் கழற்றக் கூடாது என்பது. ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துக்கொண்டோம். கழற்றிய திருகாணிகளை இடம் வாரியாகப் பழைய டப்பாக்களில் இட்டுப் பெயர் எழுதி ஒட்டினோம். பல ஆண்டுகள் ஓடாததால் பிஸ்டன் சிலிண்டரோடு துருவேறிப் பற்றிக்கொண்டிருந்தது. சம்மட்டியால் அடித்தால் உள்ளதும் உடையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து ஊற்றிப் பத்து நாள் காத்திருந்தோம். பின்னர் நான்காம் கியரில் இட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தோம். பதினோராம் நாள் மாலையில் பிஸ்டன் ஒரு விரற்கடை நகர்ந்தது. அன்று அன்னையார் எங்களுக்குப் பாயசம் வைத்துக் கொடுத்தார்.

சிலிண்டர் வார்ப்பிரும்பினால் ஆனது. 70 மில்லிமீட்டர் உள்விட்டமுடையது. தேய்ந்துபோன அதன் உட்சுவரை லேத்துப் பட்டறையில் சற்றே பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பிஸ்டன் இட்டோம். வால்வுகளைப் பசையிட்டுத் தேய்த்து அமரச் செய்தோம். பெட்ரோல் தொட்டியில் மண்ணெண்ணெயோடு ஒரு பிடி சிறு ஆணிகளை இட்டுக் குலுக்கி உட்துருவை அகற்றினோம். மின்கம்பிகளையெல்லாம் மாற்றினோம். கிடைக்காத சில உறுப்புகளைச் சென்னைப் புதுப்பேட்டையில் தேடிப் பெற்றோம். இன்ஜின் நுணுக்கங்களைக் கற்றுத் தந்தவர், எங்கள் தெருக்கோடியில் பட்டறை வைத்து ஓய்வுபெற்ற எழுபது வயது மேஸ்திரி. சக்கரத்துக் கம்பிகளை விரலால் சுண்டி, ஒலியைக் கேட்டே எது தளர்ந்திருக்கிறது என்பார். அத்தகைய காதுகள் உள்ளவரை பழைய யந்திரங்களுக்கு அழிவில்லை.

ஒன்றை மட்டும் நாங்கள் புதுப்பிக்கவில்லை. பின் மட்கார்டின் இரு பக்கத்திலும், துணி மூட்டை கட்டிய கயிறு உராய்ந்து வர்ணம் போய் இரும்பு தெரியும். அவ்விடத்தில் துரு பிடிக்காதபடி எண்ணெய் தடவி, அத்தழும்பை அப்படியே விட்டுவிட்டோம்.

வண்டி ஓடத் தயாரானால் மட்டும் போதாது. காகிதங்களும் தயாராக இருத்தல் வேண்டும். பதிவுப் புத்தகம் இல்லாத வண்டி சட்டத்தின் முன் வெறும் இரும்பு. பதினைந்து ஆண்டு கடந்த சொந்த வண்டியைச் சோதனைக்குக் காட்டி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஐம்பது ஆண்டைக் கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்கள் என்று தனியே பதிவு செய்யவும் 2021ஆம் ஆண்டில் மத்திய அரசு விதி வகுத்தது. ஆனால் அவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கன்றி அன்றாடம் ஓட்ட இயலாது. ஓட்டுவதே எங்கள் விருப்பமாதலால் பழைய பதிவையே புதுப்பித்தோம். தந்தையார் அப்புத்தகத்தை இரும்புப் பெட்டியில், கடன் கணக்குப் பேரேட்டுக்கு அடியில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். பேரேட்டின் கடைசிப் பக்கங்களில் போனக்காட்டுப் பெயர்கள் வரிசையாக இருந்தன. முதற்பயணம் எங்கே என்பது அப்போதே முடிவாயிற்று.

2024ஆம் ஆண்டுத் தைத் திங்களில் புறப்பட்டோம். இவ்வண்டியில் கியர் வலக்காலுக்கு, பிரேக் இடக்காலுக்கு. இக்காலத்து வழக்கத்துக்கு நேர்மாறு. காலுக்கு நினைவூட்டிக்கொண்டே ஓட்ட வேண்டும். விதுராவுக்குப் பின் குளிர்காற்று முகத்தில் அடித்தது. மருதாமலையில் அறிவியல் கல்வி ஆய்வு நிறுவனத்தின் பெரிய கட்டடங்கள் தோன்றி மறைந்தன. பின்னர் பேப்பாறை வனவிலங்குச் சரணாலயத்தை ஒட்டிய காடு. சாலை குண்டும் குழியுமாக ஏறியது. புல்லட் இரண்டாம் கியரில் முனகாமல் ஏறியது.

காடு விலகியதும் தேயிலைச் சரிவுகள் தென்பட்டன. தேயிலை இயல்பாகவே மரமாக வளரும் இனம். கவாத்து செய்து இடுப்பளவில் நிறுத்தினால்தான் அது செடியாக நின்று கொழுந்து தரும். கவாத்து நின்றுபோன சரிவுகளில் அவை ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, களைக்கொடிகளோடு பின்னிக் கிடந்தன. நடுவே தேயிலைத் தொழிற்சாலை பல மாடிகளோடு நிற்கிறது. கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்க வைத்து, உலர்த்தித் தரம் பிரிக்கும் வேலையெல்லாம் அங்கே நடந்தது. இப்போது சன்னல்கள் உடைந்து, யந்திரங்கள் துருப்பிடித்துக் கிடக்கின்றன.

மேட்டில் வெள்ளைக்காரத் துரையின் பழைய பங்களா இருக்கிறது. அதில் பேய் உலவுவதாக ஒரு கதை பரவி, அதைக் காண நெடுந்தொலைவிலிருந்து இளைஞர்கள் வருகிறார்கள். இல்லாத பேயைத் தேடி வருவோர், இருக்கும் மனிதரைக் காணாமல் திரும்புகிறார்கள். பங்களாவுக்குக் கீழே, ஒழுகும் கூரையும் விரிந்த சுவருமான லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் இன்னும் வாழ்கின்றன. உழைத்த கூலியும் சேமநிதியும் பணிக்கொடையும் முழுதும் கைக்கு வராமல், வந்தபின் போகலாம் என்று இருந்து முதுமையெய்தியவர் பலர்.

வண்டியை லயத்து முற்றத்தில் நிறுத்துமுன்னே ஒரு மூதாட்டியார் வெளியே வந்தார். கண்பார்வை குன்றியவர், ஓசையைக் கொண்டே அறிந்திருந்தார்.

"ஏன் தம்பி, இது துணிக்கார அண்ணாச்சி வண்டிதானே?"

"ஆமாம் ஆச்சி. நாங்கள் அவர் பிள்ளைகள்."

அவர் மட்கார்டைத் தடவிப் பார்த்தார். பின்பு, "வண்டிய ஓட வச்சிட்டீங்க. இந்தப் பாக்டரிய ஓட வைக்க யாருமில்லையே, தம்பி" என்றார்.

கறுப்புத் தேநீர் கொடுத்து உபசரித்தார். தம் தகரப்பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய காகிதங்களைக் காட்டினார். வேலைக்குச் சேர்ந்த நாள் குறித்த அட்டையும், சேமநிதிச் சீட்டும், மருத்துவமனைச் சீட்டும் இருந்தன. அவருடைய அண்டை வீட்டார் ஒருவரின் காகிதங்களோ, கூரை ஒழுகி நனைந்து மையழிந்து போயிற்றாம். தோட்டத் தொழிலாளர்க்கு வீடும் குடிநீரும் மருத்துவமும் தரவேண்டும் என்று 1951ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. ஓராண்டு உழைப்புக்குப் பதினைந்து நாள் ஊதியம் வீதம் பணிக்கொடை என்று 1972ஆம் ஆண்டின் சட்டம் வகுத்தது. சட்டம் தரும் உரிமையைக் கேட்டுப் பெறுவதற்கும் ஒரு காகிதம் வேண்டியிருக்கிறதே!

திரும்பும் வழியில் தம்பி கேட்டான்: இருபதாண்டு துருப்பிடித்த வண்டி உயிர்பெற்றது, அந்த இடம் ஏன் பெறவில்லை? எண்ணிப் பார்த்தால் விடை எளிது. வண்டி கூரையின் கீழ் நனையாமல் இருந்தது. உறுப்புகள் கிடைத்தன. வேலை தெரிந்த கைகள் இருந்தன. உரிமைக்கு அத்தாட்சி இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது தம்முடையது என்று கருதிய ஒருவர் வீட்டில் இருந்தார். தேயிலைச் செடியும் அப்படியே. அடிக்கவாத்து செய்தால் முதிய செடியும் மீண்டும் துளிர்க்கும். யந்திரமும் செடியும் நம் வசதிக்காகக் காத்திருக்கும். எண்பது வயது மூதாட்டி அவ்வளவு காலம் காத்திருக்க இயலுமா? இந்த ஆண்டு தரவேண்டியதைப் பத்தாண்டு கழித்துத் தருவது, தராமலிருப்பதற்குச் சமம்.

இது போனக்காட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. அதே மலைத்தொடரின் மறுபக்கத்தில், மாஞ்சோலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக வாழ்ந்தோர் 2024ஆம் ஆண்டில் வேலை முடிந்து மலையிறங்க நேர்ந்ததை நாம் செய்தித்தாளில் படித்தோம். நம் சங்கத்துக் குடும்பங்களிலும் பாட்டனோ பாட்டியோ தோட்டத்தில் உழைத்தவர் உண்டு. அவர்தம் அட்டைகளையும் சீட்டுகளையும் இன்றே தேடி எடுங்கள். படியெடுத்து ஈரம் படாத இடத்தில் வையுங்கள். எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று, சொல்லக்கூடியவர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மனு எழுதத் தெரிந்த அன்பர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கென ஒதுக்கினால், அது பெரிய தொண்டாகும்.

போனக்காடு செல்ல விரும்புவோர் மழை ஓய்ந்த மாதங்களில் செல்லுதல் நலம். வனத்துறையின் அனுமதி பெறுக; காட்டில் குப்பை இடாதீர். பங்களாவைப் பார்த்ததோடு திரும்பிவிடாமல், கீழே இறங்கி லயத்துக்கும் செல்லுங்கள். தமிழில் ஒரு வார்த்தை பேசினால் போதும். தேநீர் தாமே வைத்துத் தருவார்கள்.