மறைத்த பாவமும் மன்றேறிய பழியும்

பாவத்தைவிடப் பழிக்கே அதிகம் அஞ்சி வாழ்கிறோம் நாம். "ஊர் என்ன சொல்லும்?" என்ற கேள்வி நம் இல்லங்களில் ஒலிக்கும் அளவுக்கு, "ஆண்டவர் என்ன நினைப்பார்?" என்ற கேள்வி ஒலிப்பதில்லை. இவ்விரு கேள்விகளுக்கும் இடையேயுள்ள தூரத்தை அளந்து காட்டும் இரண்டு நாவல்களை இத்தவக்காலத்தில் அடுத்தடுத்துப் படித்தோம். ஒன்று அமெரிக்க நாட்டினது. மற்றொன்று நம் காவிரிக் கரையில் வேர்கொண்டது.

நத்தானியேல் ஹாதார்ன் 1850-இல் வெளியிட்ட 'ஸ்கார்லெட் லெட்டர்' என்னும் நாவல், பதினேழாம் நூற்றாண்டின் பாஸ்டன் நகரில் நிகழ்கிறது. அங்கே ஆட்சி செலுத்தியவர்கள் பியூரிட்டன்கள் எனப்பட்ட கடுநெறிப் பிரிவினைச் சபையார். கணவன் அருகில்லாத ஹெஸ்டர் பிரின் ஒரு பெண் மகவை ஈன்றாள். கைக்குழந்தையோடு மூன்று மணி நேரம் தண்டனை மேடையில் ஊரார் காண நிற்க வேண்டும். விபசாரத்தைக் குறிக்கும் சிவப்பு எழுத்தை ஆயுள் முழுதும் மார்பில் அணிய வேண்டும். இது தீர்ப்பு. குழந்தையின் தந்தை யாரென்று அவள் சொல்லவில்லை. ஊரே போற்றிய இளம் போதகர் ஆர்தர் டிம்ஸ்டேல்தான் அவர்.

ஏழாண்டுகள் உருண்டன. ஹெஸ்டர் தையல் தொழிலால் மகளைக் காத்தாள். நோயுற்றோரின் படுக்கையருகே கண்விழித்தாள். அவ்வெழுத்துக்கு 'ஆற்றலுடையவள்' என்று மக்களே புதுப்பொருள் கூறலாயினர். போதகரோ உருகித் தேய்ந்தார். தனியறையில் தம்மைச் சாட்டையால் அடித்துக்கொண்டார், உபவாசமிருந்தார். "நான் கொடிய பாவி" என்று பிரசங்க மேடையிலிருந்தே கூறினார். கேட்டவர்கள் அதைத் தாழ்ச்சி என்று எண்ணி இன்னும் அதிகமாக வணங்கினார்கள்! ஊர் உறங்கும் நள்ளிரவில் ஒருமுறை தண்டனை மேடையிலும் ஏறி நின்றார். இறுதியில் பட்டப்பகலில், அதே மேடையில், உண்மையை வெளியிட்டு உயிர் துறந்தார்.

அவருக்குத் துக்கமும் இருந்தது, தவமும் இருந்தது. செய்த பாவத்தைப் பெயர்சொல்லி இறக்கிவைக்க ஓர் இடமும், "மன்னித்தோம்" என்று திருச்சபையின் பெயரால் கூற ஒரு குரலுமே இல்லை.

இனி நம் மண்ணுக்கு வருவோம். மன்னார்குடிக்கு அருகே தேவங்குடியில் 1921-இல் பிறந்தவர் தி. ஜானகிராமன். அவருடைய 'அம்மா வந்தாள்' 1966-இல் வெளிவந்தது. அதில் வரும் அலங்காரத்தம்மாளை எவரும் மேடையேற்றவில்லை. கணவர் தண்டபாணி எல்லாம் அறிந்தும் வாய் திறப்பதில்லை. தன் பாவம் கரைய வேண்டுமென்று மகன் அப்புவைக் காவிரிக் கரை வேதபாடசாலைக்கு அனுப்புகிறாள் அத்தாய். தாயின் குற்றத்துக்கு மகன் கழுவாய்! அவனோ அவள் நினைத்த ரிஷியாகவில்லை. முடிவில் அவள் காசிக்குப் புறப்படுகிறாள்.

வயலில் நண்டு வளையைப் பார்த்திருக்கிறோம். வரப்பு மேலே உறுதியாகவே தெரியும். கட்டிய நீர் மட்டும் இரவோடிரவாக வடிந்துவிடும். வளையைத் தேடிப்பிடித்து மிதித்து அடைக்காமல் எத்தனை மடை திறந்து என்ன பயன்? மறைத்த பாவமும் இத்தகையதே. வடிவது குடும்பத்தின் சமாதானம்.

ஆதித் திருச்சபையில் பெரும் பாவங்களுக்குச் சபையறியத் தவம் விதிக்கப்பட்டது. பின்னர் அயர்லாந்துத் துறவிகள் வாயிலாகத் தனிப் பாவசங்கீர்த்தனம் பரவியது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதைச் செய்ய வேண்டுமென 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. கேட்ட குருவின் நாவுக்கும் முத்திரையிட்டது. மறைத்துப் புழுங்குவதற்கும் மன்றில் அவமானப்படுவதற்கும் நடுவே இரக்கத்தின் வழி திறந்தது.

பியூரிட்டன் மரபில் வந்த ஹாதார்னும் இதன் அருமையை உணர்ந்திருக்க வேண்டும். 1860-இல் வந்த தம் 'மார்பிள் ஃபான்' நாவலில், தான் கண்ட கொலையின் இரகசியம் தாங்காத ஹில்டா என்னும் பெண்ணை, கத்தோலிக்கர் அல்லாதவளாயினும், உரோமை புனித பேதுரு பேராலயத்தின் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கே அனுப்புகிறார். அவருடைய மகள் ரோஸ் 1891-இல் கத்தோலிக்கரானார். பின்னர் தொமினிக்கன் துறவியாகி, கைவிடப்பட்ட ஏழைப் புற்றுநோயாளருக்குத் தொண்டாற்றினார். 2024-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார்.

நம் ஊர்களில் தண்டனை மேடை இல்லையென்று சொல்ல முடியுமா? ஆற்றுப் படித்துறையும் தேநீர்க் கடையும் போதாவா? வழுவிய பெண்ணின் பெயர் அங்கே நாள்தோறும் ஏலம் போகிறது. அவளோடு வழுவியவரோ திருவிழாவில் முன்வரிசையில் நிற்கிறார். விபசாரத்தில் பிடிபட்டவளை ஆண்டவர் முன் இழுத்து வந்தவர்களும் அந்த ஆணைக் கொண்டுவரவில்லை. ஆண்டவர் அவளைத் தீர்ப்பிடவில்லை. இனிப் பாவம் செய்யாதே என்று அனுப்பினார்.

அன்பர்களே, பாஸ்காவுக்கு முன் நம் வளையை நாமே தேடி அடைப்போம். நல்ல பாவசங்கீர்த்தனம் செய்வோம். பிள்ளைகள் தவறினால், ஊருக்கு அஞ்சி மூடி மறைக்காமலும் ஊர் முன் நிறுத்தாமலும், இரக்கத்தின் வாசலுக்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்வோம். குருவின் நாவுக்குத் திருச்சபை இட்ட முத்திரையில் ஒரு சிறு பங்கை, பிறர் குற்றம் பேசும் நம் நாவுக்கும் இட்டுக்கொள்வோம்.